மாணவர் நடத்தும் கம்பெனி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஏட்டில் எழுதிய சுரைக்காயைப் படித்து மகிழலாம். அரிந்து குழம்பில் இட இயலாது. ஆயினும் ஏடுகளுள் ஒன்று மட்டும் இப்பழமொழிக்கு விலக்காக நிற்கிறது. அது கணக்கேடு. வணிகனுடைய கணக்கேடு பிழைபடுமாயின் அவன் வீட்டு அடுப்பு எரியாது. ஆதலின், வாணிகம் கற்க விரும்பும் மாணவன் ஏட்டை விட்டுத் தொழிலுக்குப் போதலும் ஆகாது. தொழிலை விட்டு ஏட்டோடு நின்றுவிடுதலும் ஆகாது. இவ்விரண்டையும் உயர்நிலைப் பள்ளிப் பருவத்திலேயே ஒருங்கே கற்பிக்க வழி உண்டோ? உண்டு என்று காட்டியவர் சிலர். அவர்கள் கண்ட வழி, மாணவர்களைக் கொண்டே ஒரு கம்பெனியைத் தொடங்கச் செய்து, ஓராண்டு முடிவதற்குள் அதனை அவர்கள் கையாலேயே மூடச் செய்வதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர் வில்லியம் கில்பாட்ரிக் என்பவர். அவர் 1918ஆம் ஆண்டில் செயல்திட்ட முறை என்னும் பொருள்பற்றிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மாணவன் தன் உள்ளம் நாடும் நோக்கம் ஒன்றை மேற்கொண்டு, அதனை நிறைவேற்றும் வழியைத் தானே வகுத்து, தானே செய்து, செய்ததன் நிறைகுறைகளைத் தானே ஆராய்தல் வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம். அது கல்வித் துறையினரிடையே பெரிதும் பேசப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1919இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஓர் இயக்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் கல்வியாளர் அல்லர், தொழிலதிபர்கள். காகித ஆலை நடத்திய ஹோரேஸ் மோசஸ், தொலைபேசிக் கம்பெனித் தலைவர் தியோடர் வெய்ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராகவும் பின்னர் நாட்டு மேலவை உறுப்பினராகவும் இருந்த மரே கிரேன் ஆகிய மூவரும் அவ்வியக்கத்தின் முதல்வர்கள். உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் நகரங்களை நோக்கித் திரள் திரளாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்ப்புறத்துச் சிறுவர்கள் மக்காச்சோளம் பயிரிடவும் கால்நடை வளர்க்கவும் பழகுவதற்குக் கழகங்கள் முன்னரே இருந்தன. நகரத்திற்கு வந்துவிட்ட பிள்ளைக்கோ உழ நிலமும் இல்லை; வளர்க்கக் கன்றும் இல்லை. அவனுக்கு ஏற்ற பயிர் யாது? பொருளைச் செய்தலும் விற்றலுமே என்று அம்மூவரும் கருதினர். 1925ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் தம் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வரவேற்பு ஒன்று நடத்தி இவ்வியக்கத்திற்குப் பொருள் திரட்டத் துணை செய்தார். மறு ஆண்டில் அது 'ஜூனியர் அச்சீவ்மெண்ட்' என்னும் பெயரை ஏற்றது. இளையோர் சாதனை என்பது அதன் பொருள்.

தொடக்கத்தில் அது கைவினைக் கழகங்களின் தொகுதியாகவே இருந்தது. மெல்ல மெல்லவே மாணவர் கம்பெனி என்னும் உருவம் நிலைபெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது சிக்காகோ நகரத்து மாணவர்கள், படைவீரர்களின் காற்சட்டைகளைத் தொங்கவிடும் மாட்டிகள் 10,000 செய்து தருவதற்குப் படைத்துறையிடம் ஒப்பந்தம் பெற்றனர். விளையாட்டு எனக் கருதப்பட்டது வினையாகவே ஆயிற்று! ஹாம்பர்க் நகரில் பிறந்து இலண்டனில் குடியேறிய வங்கியாளர் வால்ட்டர் சாலமன், அமெரிக்காவில் கண்ட இம்முறையை 1962இல் பிரிட்டனில் 'யங் என்டர்பிரைஸ்' என்னும் பெயரால் தொடங்கிவைத்தார். 1975 முதல் அமெரிக்காவில், உள்ளூர்த் தொழிலில் ஈடுபட்டோர் பள்ளி நேரத்திலேயே வகுப்பறைக்கு வந்து கற்பிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இவ்வியக்கம் பரவியுள்ளது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

இனி, அமெரிக்காவில் வழங்கிய பழைய முறையை ஒட்டி, கம்பெனி எவ்வாறு அமைகிறது என்பதை அறிதல் வேண்டும்.

பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் பதினைந்து அல்லது இருபது மாணவ மாணவியர் ஒன்று கூடுவர். வாரத்தில் ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் அவர்களுக்கு உரியது. உள்ளூர்த் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் பணியாற்றும் பெரியவர்கள் சிலர் ஆலோசகர்களாக வந்து அமர்வர். கேட்டால் சொல்வதும், கேளாவிடில் வாளா இருப்பதும் அவர்கள் கடமை. இவ்விரண்டனுள் பின்னதே அரிது என்பதைப் பெரியவர்களாயினார் அனைவரும் அறிவர். மாணவர்கள் தமக்குள் தலைவர், உற்பத்தித் தலைவர், விற்பனைத் தலைவர், பொருளாளர் முதலியோரை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். கம்பெனிக்குப் பெயரிடுவர். இயக்கத்தினிடமிருந்து உரிமைப் பத்திரம் ஒன்றைப் பெறுவர்.

அடுத்து வேண்டுவது முதல். முதல் இல்லாதவனுக்கு ஊதியம் இல்லை. அம்முதலை மாணவர்கள் தம் தந்தையரிடம் கேட்டுப் பெறுவதில்லை. பங்குகளாகப் பிரித்து விற்பர். ஒரு பங்கின் விலை பழங்காலத்தில் பெரும்பாலும் அரை டாலர். அதாவது 50 சென்ட். அண்டை வீட்டார், ஆசிரியர், தெருமுனைக் கடைக்காரர் ஆகியோரிடம் சென்று, "நாங்கள் இன்ன பொருள் செய்ய எண்ணியுள்ளோம், நீங்கள் ஒரு பங்கு வாங்குதல் வேண்டும், ஆண்டு முடிவில் கணக்குக் காட்டுவோம்" என்று சொல்லுதல் வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எளிதன்று. வாயிலில் நின்று மணியை அழுத்திய பின், கதவு திறக்கப்படும் வரையில் நாக்கு உலர்ந்து போகும். கதவைத் திறந்த மூதாட்டி அன்புடன், "நட்டம் வந்தால் என் பணம் என்னாகும், குழந்தாய்?" என்று வினவினால், விடை யாது? "போய்விடும், அம்மா" என்பதே மெய்யான விடை. அதனைச் சொல்லவும் வேண்டும்; சொல்லிய பின்னும் அவர் பங்கு வாங்குமாறு நம்பிக்கை ஊட்டவும் வேண்டும். பங்குப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து, அந்த 50 சென்ட்டைக் கையில் வாங்கிய நொடியில், மாணவன் வேறொருவனாகிறான். அதுவரை அவன் கையில் இருந்தது தன் பணமாகவோ தந்தையின் பணமாகவோ இருந்தது. இப்போது இருப்பது பிறர் பணம்.

முதல் திரட்டுவதில் வேறு முறையும் உண்டு. தில்லி அரசு 2019ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் தொழில்முனைவு மனப்பான்மையை வளர்க்கும் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2021இல் அதன் பகுதியாகப் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. முதற்கண் கிச்சரிப்பூரில் உள்ள பள்ளியொன்றில் சோதனையாக மாணவர் ஒவ்வொருவருக்கும் 1,000 ரூபாய் தரப்பட்டது. பின்னர் அத்திட்டம் 11, 12ஆம் வகுப்புகளுக்கு விரிந்தபோது அத்தொகை ஒருவருக்கு 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து அப்பணத்தை ஒன்றாக்கித் தொழில் தொடங்கினர்.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது? கேட்டு வாங்கிய பணத்திற்கு முகம் உண்டு. அரசு தந்த பணத்திற்கு முகம் இல்லை. பங்கு வாங்கிய மூதாட்டி நாள்தோறும் தெருவில் எதிர்ப்படுவார், "எப்படிப் போகிறது தொழில்?" என்று கேட்பார். அக்கேள்வி ஆயிரம் பாடங்களுக்கு ஈடு. இவ்வகையில் பங்கு விற்கும் முறையே மேலானது. ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நாட்கூலி பெற்று வாழ்வோர் மிகுந்த தெருவில் வளரும் பிள்ளை யாரிடம் போய்ப் பங்கு விற்பான்? அண்டை வீட்டாரிடம் இரங்கும் நெஞ்சு இருக்கும். எடுத்துக் கொடுக்க ஐம்பது ரூபாய் இராது. அத்தகைய பிள்ளைக்கு அரசு தரும் முதலே வாயிற்கதவு. அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. பெற்ற பணத்திற்குக் கணக்குக் காட்டும் கடமையை மட்டும் தளர விடாதிருப்பின், முகமற்ற பணத்திற்கும் ஒருவாறு முகம் உண்டாக்கலாம்.

முதல் திரண்டது. இனி எதைச் செய்வது? இங்கேதான் கணக்கேடு தன் ஆற்றலைக் காட்டுகிறது. விளக்கத்தின் பொருட்டு ஒரு கம்பெனியைக் கற்பனையாக அமைத்துக்கொள்க. 200 பங்குகள் விற்று 100 டாலர் முதல் சேர்ந்தது. அழகிய வண்ண மெழுகுவத்திகள் செய்து கிறிஸ்துமஸ் காலத்தில் விற்பது என்று மாணவர்கள் முடிவு செய்தனர். மெழுகு, திரி, சாயம் ஆகியவற்றிற்கு மெழுகுவத்தி ஒன்றிற்கு 40 சென்ட் ஆகும். கடைத்தெருவில் அத்தகைய மெழுகுவத்தி 80 சென்ட்டுக்கு விற்கிறது. "நாம் 75 சென்ட்டுக்கு விற்போம். ஒன்றுக்கு 35 சென்ட் இலாபம். 200 செய்தால் 70 டாலர் இலாபம்!" என்று எல்லாரும் கைதட்டினர்.

மூலையில் அமர்ந்திருந்த ஆலோசகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வறைக்கு வாடகை யார் தருவது?"

கைதட்டல் நின்றது. பொருளாளராகிய மாணவி தாளை எடுத்தாள். அறைக்கும் கருவிகளுக்கும் பருவம் முழுவதற்கும் வாடகை 30 டாலர். மெழுகை உருக்கி வார்ப்போர்க்குக் கூலி, ஒன்றிற்கு 10 சென்ட். மாணவர்களே வேலை செய்யினும் கூலி கொடுத்தே தீர வேண்டும். இன்றேல் பொருளின் மெய்யான அடக்க விலை தெரியாது. விற்றவர்க்குத் தரகு ஒன்றிற்கு 10 சென்ட். ஆகவே ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் 60 சென்ட் செலவாகிறது. 75 சென்ட்டுக்கு விற்றால் மிஞ்சுவது 15 சென்ட். வாடகையாகிய 30 டாலர் என்பது 3,000 சென்ட். அதனைப் பதினைந்தால் வகுத்தால் 200. செய்யும் 200 மெழுகுவத்திகளும் ஒன்று விடாமல் விற்றால்தான் வாடகைக்குச் சரியாகும். இலாபம் ஒரு சென்ட்டும் இல்லை. ஒன்று உடைந்தாலும் நட்டம்.

இவ்வாறு இலாபமும் நட்டமும் இன்றிச் செலவும் வரவும் ஒத்து நிற்கும் இடத்தைச் சமநிலை என்பர். வாணிக நூலில் அது ஒரு சூத்திரமாக இருக்கும். மாணவன் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவான். மறு நாள் மறப்பான். ஆனால் தான் கைதட்டிய 70 டாலர் தன் கண்முன்னே ஒன்றுமில்லாமற் போனதைக் கண்ட மாணவன் அதனை மறப்பதில்லை.

பின்னர் அவர்கள் வேறு வழி தேடினர். விற்பனைத் தலைவன், "அழகிய அட்டைப்பெட்டியில் வைத்து நாடா கட்டிக் கொடுப்போம். பெட்டிக்கும் நாடாவுக்கும் 5 சென்ட் ஆகும். விலை ஒரு டாலர் என்று வைப்போம்" என்றான். அப்படியாயின் ஒன்றிற்குச் செலவு 65 சென்ட். மிச்சம் 35 சென்ட். 86 மெழுகுவத்திகள் விற்றாலே வாடகை அடைந்துவிடும். "கடையில் 80 சென்ட்டுக்குக் கிடைக்கும்போது நம்மிடம் ஒரு டாலர் கொடுத்து யார் வாங்குவார்?" என்று மற்றொருவன் தடுத்தான். இது நல்ல கேள்வி. இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. நான்கைந்து மெழுகுவத்திகளைச் செய்து பெட்டியில் வைத்து, தெருவில் இறங்கிக் கேட்டுப் பார்ப்பதே வழி. கேட்டனர், பரிசாகக் கொடுப்பதற்கு வாங்குவோர் விலையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்று அறிந்தனர். ஒரு டாலர் என்றே உறுதி செய்தனர். மெழுகு முழுவதையும் ஒரே முறையில் வாங்கினால் 80 டாலர் போய்விடும். கையில் எஞ்சும் 20 டாலர் வாடகைக்குக் காணாது. ஆகையால் முதலில் பாதி வாங்கி, அது விற்ற பணத்தில் மறு பாதி வாங்க ஏற்பாடு செய்தனர்.

வேலை தொடங்கிற்று. மெழுகை நேரே நெருப்பின்மேல் வைத்து உருக்கலாகாது, தீப்பற்றும். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்குதல் வேண்டும். உருகிய மெழுகு ஆறும்போது சுருங்கும். திரியைச் சுற்றிக் குழி விழும். அக்குழியை இரண்டாம் முறை மெழுகு வார்த்து நிரப்பாவிடில் மெழுகுவத்தி உள்ளே பொள்ளலாகி, எரியும்போது சரிந்துவிடும். அவசரத்தில் இதனைச் செய்யாது விட்டமையால் 20 மெழுகுவத்திகள் பழுதாயின. வெளித்தோற்றத்திற்கு அவை நன்றாகவே இருந்தன. பெட்டியில் வைத்து நாடா கட்டிவிட்டால் எவர்க்கும் தெரியாது. விற்றுவிடலாம் என்று ஒருவன் மெல்லக் கூறினான். 20 டாலர் அன்றோ! அன்று மாலை வேறு வேலை நடைபெறவில்லை. வாதமே நடந்தது. முடிவில் வாக்கெடுத்தனர். அந்த 20 மெழுகுவத்திகளும் விற்பனைக்கு வைக்கப்படவில்லை. வாக்களிப்பில் ஆலோசகர் கலந்துகொள்ளவில்லை.

இளம்பருவத்தினரைப் பொருளீட்டும் தொழிலில் புகுத்தினால் அவர்கள் உள்ளத்தில் பேராசை வேரூன்றும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வெறும் அச்சமன்று. பள்ளிப்பிள்ளைகளின் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்த காந்தியடிகளின் திட்டத்திற்கும் இத்தகைய தடை எழுந்தது. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டை அடுத்து, ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. பொருள் வருவாயையே பெரிதெனக் கொண்டால் கல்வியின் நோக்கம் பின்தள்ளப்படும் என்று அக்குழுவின் அறிக்கையே எச்சரித்துள்ளது. மாணவர் கம்பெனிக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். முதல் சிறிது, காலம் ஓராண்டுக்குள், வேலை வாரத்தில் ஒரு மாலை என்ற வரம்புகள் அதற்காகவே உள்ளன. மெழுகுவத்தி ஆயிரக்கணக்கில் விற்குமாயின் பிள்ளைகள் பாடநூலை மூடிவைத்து மெழுகே உருக்கிக்கொண்டிருப்பர். மிகுதியாக விற்றவர்க்கும் மிகுதியாக ஈட்டிய கம்பெனிக்குமே பரிசளிக்கும் இடங்களில் இக்கேடு நுழைகிறது. கணக்குச் செவ்வையாய் வைத்த கம்பெனிக்கும் பரிசு உண்டென்றால் அது சற்றுத் தணியும். காந்தியடிகளின் திட்டத்திற்கும் இதற்கும் வேறுபாடும் உண்டு. அங்கே மாணவன் நூற்றதை அரசு வாங்கிக்கொள்ளுதல் வேண்டும் என்பது எண்ணம். இங்கே வாங்குவோரை மாணவனே தேடுதல் வேண்டும். செய்வதற்கு ஒரு கல்வி. விற்பதற்கு மற்றொரு கல்வி.

பொருளாளரின் வேலையை இனிக் காண்க. அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் பற்று, வரவு எனப் பிரித்து ஏற்றுதல் வேண்டும். வாரந்தோறும் பணப்பெட்டியைத் திறந்து எண்ணி, ஏட்டோடு ஒப்புநோக்குதல் வேண்டும். ஒரு வாரம் ஏட்டின்படி 42 டாலர் இருத்தல் வேண்டும். பெட்டியிலோ 40 டாலரே இருந்தது. இரண்டு டாலர் எங்கே? பதினைந்து நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நட்பு என்பது எவ்வளவு மெல்லிய நூலால் கட்டப்பட்டது என்பது அக்கணத்தில் விளங்கிற்று. சிலர், "இரண்டு டாலர்தானே! நாம் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சரிசெய்துவிடுவோம்" என்றனர். பொருளாளர் உடன்படவில்லை. போட்டுச் சரிசெய்தால் பெட்டி நிறையும். ஐயம் நீங்காது என்றாள். குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தாள். நாடா வாங்கிய நாளில் விற்பனைத் தலைவன் பெட்டியிலிருந்து இரண்டு டாலர் எடுத்தான். கடைச்சீட்டைத் தன் சட்டைப் பையிலேயே வைத்து மறந்துபோனான். சீட்டு அகப்பட்டது. அன்று முதல் சீட்டு இல்லாமல் ஒரு சென்ட்டும் வெளியே போவதில்லை என்று விதி செய்தனர். செலவுச் சீட்டின் இன்றியமையாமையை அவர்களுக்கு இனி எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விற்பனையும் இடர் நிறைந்ததே. ஆறு மெழுகுவத்தி வாங்கிய ஒருவர், "அடுத்த வாரம் பணம் தருகிறேன்" என்றார். விற்றுவிட்டோம் என்று விற்றவன் மகிழ்ந்தான். பொருள் போயிற்று, பணம் வரவில்லை, ஏட்டிலோ விற்பனை கூடியுள்ளது. விற்பனை வேறு, கைப்பணம் வேறு என்று அறிய மூன்று வாரம் ஆயிற்று. நான்கு முறை நடந்தபின் அவர் பணம் தந்தார்.

பள்ளி ஆண்டு முடியும் காலம் நெருங்கிற்று. கம்பெனியை மூடுதல் வேண்டும். நன்றாக நடைபெறும் கம்பெனியை ஏன் மூடுதல் வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இம்முறையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. உலகில் பெரிய கம்பெனிகள் பல ஆண்டுகள் நிற்கும். ஓராண்டு மறைத்த பிழையை மறு ஆண்டு மறைக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு வேறொருவர் தலையில் சுமத்தலாம். மாணவர் கம்பெனிக்கு மறு ஆண்டு கிடையாது. தொடங்கியவரே முடித்தல் வேண்டும். கருவிகளைத் துடைத்துத் திருப்பித் தருதல் வேண்டும். கடன் கொடுத்தோர்க்கு அடைத்தல் வேண்டும். எஞ்சியதை எண்ணிப் பங்காளர்க்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். தொடக்க நாளில் யாரும் பெருமை பேசலாம். முடிவு நாளில் ஏடே பேசும்.

ஏடு பேசியது இது: செய்தவை 200, பழுதானவை 20, விற்றவை 180. விற்பனை வரவு 180 டாலர். செலவுகளுள் மெழுகு முதலிய பொருள்களுக்கு 80 டாலர். கூலி 20 டாலர். பெட்டியும் நாடாவும் 9 டாலர். தரகு 18 டாலர். வாடகை 30 டாலர். மொத்தச் செலவு 157 டாலர். இலாபம் 23 டாலர். முதலில் கைதட்டி முடிவு செய்தபடி 75 சென்ட்டுக்கே விற்றிருந்தால்? பெட்டிச் செலவு இல்லை. ஆயினும் வரவு 135 டாலராகவும் செலவு 148 டாலராகவும் இருந்திருக்கும். 13 டாலர் நட்டம். 50 சென்ட் கொடுத்தவர்க்கு 43 அல்லது 44 சென்ட்டே திரும்பியிருக்கும். அதே கைகள், அதே மெழுகு, அதே 180 மெழுகுவத்திகள்!

நட்டத்தோடு மூடப்படும் கம்பெனிகளும் உண்டு. அவற்றின் மாணவர்களும் பங்காளர் ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுதி, இன்ன காரணத்தால் இவ்வளவு குறைந்தது என்று அறிவித்து, எஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். இலாபம் கொண்டு செல்பவனைக் காட்டிலும் அவனுக்கே நடை கனக்கும். ஆயினும் அவன் சென்று கொடுப்பானாயின் அடுத்த முறை அவனை நம்பிப் பணம் தர அத்தெருவில் ஆள் இருப்பர்.

நம் மெழுகுவத்திக் கம்பெனி 200 பங்குகளுக்கும் பங்கொன்றிற்கு 10 சென்ட் ஆதாயம் கொடுப்பதென முடிவு செய்தது. அதற்கு 20 டாலர் ஆயிற்று. எஞ்சிய 3 டாலரை நகர நூலகத்திற்குக் கொடுக்க வாக்களித்தனர். உரிமைப் பத்திரம் இயக்கத்தாரிடம் திருப்பித் தரப்பட்டது. பின்பு, பங்கு விற்ற தெருக்களுக்கே மாணவர்கள் மீண்டும் சென்றனர். முதன்முதலில் பங்கு வாங்கிய மூதாட்டியின் வாயில் மணியைப் பொருளாளர் அழுத்தினாள். இம்முறை நாக்கு உலரவில்லை. ஐந்தொகை எழுதிய தாள் ஒன்றையும் 60 சென்ட்டையும் கொடுத்தாள். மூதாட்டி பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடி அணிந்து, தாளை வரி வரியாகப் படித்தார்.

"இருநூறு செய்து நூற்றெண்பது விற்றிருக்கிறீர்கள். மற்ற இருபதும் என்னாயின?" என்று கேட்டார்.

பொருளாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மெழுகு ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழுவதைச் சொல்லத் தொடங்கினாள்.